ரிசல்ட்டுக்கு முந்தின நாள்

"ஏங்க... பிள்ளை காலை எதுக்கு இப்படி முறைச்சுப் பாக்குறீங்க?"

அலங்காநல்லூரில் நண்பன் கல்யாணத்துக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த சூரியபிரகாஷ் திடுக்கிட்டான். கேட்டவள் பாண்டிமீனா. கண்ணில் அத்தனை கோபம்... அழகான கண்கள்தான், என்ன செய்ய!

அவளோடு அக்கா மகன், ஐந்து வயது தவசி. கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. மாடு பிடிக்கவே பிறந்த கால் என்று ஊரே மெச்சியது. அவனோ தரையிலிருந்து எழ, தன் தொடையிலேயே கையூன்றி ஊன்றித்தான் நிமிர்ந்தான்.

"கோவிக்காதீங்க. கெண்டைக்கால் இப்படித் திரண்டிருக்கிறது பலமில்லைங்க. நான் மதுரைல குழந்தைகளுக்குப் பிசியோதெரபி பண்றேன். ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"கண்ணு வச்சதுமில்லாம சீக்கு வேறயா?" தவசியின் முகத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஆனால் அதன்பின் தவசி எழும்போதெல்லாம் அவள் பார்வை அவன் கைகளுக்கே போனது. அடுத்த மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் பரிசோதனை சொல்லிவிட்டது... தசைச்சிதைவு நோய். முழுசாகக் குணமாகாது. மாத்திரையும் தினசரிப் பயிற்சியும் நோயின் வேகத்தைக் குறைக்கும்.

அக்கா அழுதே ஓய்ந்தாள். வெள்ளிதோறும் தவசியைச் சூரியபிரகாஷிடம் பயிற்சிக்குக் கூட்டிவந்தது பாண்டிமீனாதான்.

"குதிகாலை இப்படிப் பிடிங்க... மெதுவா நீட்டுங்க."

"அன்னைக்குத் திட்டுனதுக்குப் பழி வாங்குறீங்களா சார்?"

"அம்புட்டு திட்டுக்கு இது பத்தாதே!"

அவள் சிரித்தாள். விரல்கள் பட்டன... இருவருமே எடுக்க மறந்தார்கள்.

பிறகொரு வெள்ளி, அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த நோய் தாய்வழியாக மகனுக்கு வருவது. அக்காவின் ரத்தத்தில் அந்தக் குறை இருந்தது. தங்கைக்கும் இருக்கலாமாம்.

"எனக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க. இனிமே அத்தான் வருவாரு சார்."

அதற்குப்பின் எத்தனையோ வெள்ளிகள்... கதவு திறக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சு துள்ளும். வருவது தவசியின் அப்பா, அந்த அத்தான்தான். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பான். அவனால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

"கொழுந்தியாளுக்கு நாளைக்கு ரிசல்ட்டாம்" என்றார் அத்தான் ஒருநாள்.

அன்று மாலையே அவள் வீட்டு வாசலில் நின்றான், தொப்பலாக நனைந்து.

"ரிசல்ட்டு நாளைக்குத்தானே சார்..."

"அதான் இன்னைக்கே வந்தேன். நாளைக்கு வந்து சொன்னா, ரிசல்ட்டைப் பார்த்துட்டுச் சொன்ன மாதிரி ஆயிரும். எனக்கு உங்களைக் கட்டிக்கணும் மீனா."

"எனக்கும் இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். பிள்ளை பெத்துக்கிறதை டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுவோம். ரெண்டு பேரும் சேர்ந்து."

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. இத்தனை வெள்ளிகள் அடக்கி வைத்த அழுகை.

"நாளைக்குக் கூட வாரீங்களா? தனியாப் போக... பயமாருக்கு."

"வாரேன்."

"என்ன வந்தாலும்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."