கடைசிப் பத்து யாருக்கு?

மாலை ஆனால் அந்த இஸ்திரிக் கடையில் மூன்று சத்தங்கள் கேட்கும். ஒன்று, ஈரத்துணியில் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி படும்போது எழும் 'உஸ்ஸ்'. இரண்டாவது, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ரேடியோ. மூன்றாவது, மாமா.

மாமா அம்மாவின் தம்பி. இஸ்திரி போட்ட துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ரேடியோவில் யார் என்ன சொன்னாலும் அவர் பதில் சொல்வார். ரேடியோவுக்குக் காது கிடையாது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

சத்தமே போடாத ஆள் ஒருத்தியும் அங்கே உண்டு. அம்மாவின் மகள். பள்ளி விட்டு வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, சட்டைகளில் பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பாள். பேச மாட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். மாமா அவளுக்கு வைத்த பெயர் 'மியூட்டு'.

அந்த ரேடியோவில் எப்போதும் கத்தோலிக்க வானொலிதான். சாயங்காலம் ஜெபமாலை. ஜெபமாலையில் ஐந்து பத்துகள். ஒவ்வொரு பத்தையும் ஒரு நேயர் போனில் வந்து நடத்துவார். பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும். வீடுகளிலும் கடைகளிலும் கேட்பவர்கள் கூடச் சொல்வார்கள்.

கடைசிப் பத்து எப்போதும் கண்டக்டர் அம்மாவுக்குத்தான். பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்தை யாரும் பார்த்ததில்லை. குரல் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"எல்லாரும் ஏறியாச்சா? படியில யாரும் நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க. போலாம் ரைட்!" என்று சொல்லிவிட்டு, விரலில் போட்ட மோதிரத்தால் மேசையில் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம்தான் ஜெபம்.

ஒருநாள் ஒரு நேயர் ரேடியோவில் வருத்தப்பட்டார். "எங்க வீட்டுச் சின்னவன் ஜெபத்துல வாயே திறக்கறதில்லைங்க. சும்மா உட்கார்ந்திருக்கான். என்ன பண்றதுன்னே தெரியல."

கண்டக்டர் அம்மா சிரித்தார். "அட விடுங்க. என் பஸ்ல வழி முழுக்கப் பேசிட்டு வந்தவங்களும் உண்டு, ஜன்னலையே பார்த்துட்டு வந்தவங்களும் உண்டு. பேசாம வந்தவன ஊரு போய்ச் சேராம பாதியிலயா இறக்கி விட்டேன்?"

அன்று மியூட்டு ஒரு சட்டையின் ஒரே பட்டனை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை யாரோ தனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது.

திடீரென்று ஒருநாள் கண்டக்டர் அம்மா வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவருக்குப் பதிலாக வேறு ஒரு போன் வரத் தொடங்கியது. சரியாகக் கடைசிப் பத்து நேரத்தில் வரும். ஆனால் யாரும் பேச மாட்டார்கள்.

"ஹலோ... நேயரே, பேசுங்க... ஹலோ?" என்று அறிவிப்பாளர் கெஞ்சுவார். பிறகு போனை வைத்துவிடுவார்.

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன்!" என்று மாமா ரேடியோவைப் பார்த்துக் கத்துவார். "ஜெபத்துல போயா விளையாடுவான்? கையில கிடைச்சா இஸ்திரி போட்டுடுவேன்!"

"அந்த வேலைக்கு நான் இருக்கேன். நீ துணியக் கட்டு" என்பாள் அம்மா.

இப்படியே போன ஒருநாள் சாயங்காலம் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமாவின் வாயில் ஒரு முழு பன் இருந்தது. கடை அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதி அங்கே அபூர்வம்.

ரேடியோவில் அறிவிப்பாளர், "ஹலோ, கடைசிப் பத்து நேயரே..." என்றார்.

பதில் இல்லை. அந்த இடைவெளியில் மெல்லியதாக ஒன்று கேட்டது.

டொக் டொக்.

அறிவிப்பாளர் போனை வைத்துவிட்டார். அவர் குரலில் கோபம். "அன்பு நேயர்களே, இந்தத் தொல்லை தாங்க முடியல. நாளையிலிருந்து கடைசிப் பத்துக்கு யாரையும் போன்ல எடுக்கப் போறதில்ல. பதிவு பண்ணி வெச்சதத்தான் போடுவோம். இப்ப ஒரு பாட்டு. பாட்டு முடிஞ்சதும் கடைசியா ஒரே ஒரு அழைப்பு."

பாட்டு தொடங்கியது.

மியூட்டு முக்காலியிலிருந்து எழுந்தாள். மடியில் இருந்த சட்டை கீழே விழுந்தது.

"அம்மா. அது கண்டக்டர் அம்மா."

மாமாவுக்குப் பன் தொண்டையில் அடைத்தது. பன்னால் அல்ல, மியூட்டு பேசியதால்.

"எப்படிச் சொல்ற?" என்றாள் அம்மா.

"ரெண்டு தட்டு. மோதிரத்தால. அவங்க தட்டறது எனக்குத் தெரியும். விளையாடறதுக்கு இல்லம்மா. அவங்க பஸ்ஸக் கிளப்பறாங்க. ரேடியோக்காரங்க ஒவ்வொரு தடவையும் இறக்கி விட்டுடறாங்க."

அம்மா இஸ்திரியின் சுவிட்சை அணைத்தாள். மாமா அவசரமாகப் போனை எடுத்தார். "குடு குடு, நான் பேசிக்கறேன்."

"நீ பேச ஆரம்பிச்சா நாளைக்குத்தான் முடிப்ப" என்று அம்மா போனைப் பிடுங்கினாள். மகளைப் பார்த்தாள். "நான் பேசட்டுமா, நீ பேசறியா?"

அந்தச் சத்தம் தன் காதில்தான் விழுந்தது. அம்மாவிடம் சொல்லி, அம்மா அறிவிப்பாளரிடம் சொல்லி... அதற்குள் நேரம் போய்விடும். நாளை முதல் கடைசிப் பத்துக்குப் போனே கிடையாது. மியூட்டு கையை நீட்டினாள்.

எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அறிவிப்பாளர் அதைப் பாட்டுப்போல் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம். மணி அடித்தது. பாட்டு முடிந்தது.

"ஹலோ, கடைசி அழைப்பு நீங்கதான். யாரு பேசறது?"

மியூட்டு வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து "யாரு பேசறது?" என்று ரேடியோ கொஞ்சம் தாமதமாக அதையே திருப்பிக் கேட்டது. போன் 'கீ' என்று கத்தியது.

"ரேடியோ சத்தத்தக் குறைங்க!" என்றார் அறிவிப்பாளர்.

மாமா பாய்ந்துபோய் ரேடியோவைத் திருகினார். எதிர்ப்பக்கமாகத் திருகிவிட்டார். தெரு முழுக்கக் கேட்டது. அம்மா அவர் கையைத் தட்டிவிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள்.

இப்போது ஒரே நிசப்தம்.

"ஹலோ? இங்கயும் பேசலையா? சரி, இதையும் கட் பண்ண வேண்டியதுதான்..."

கண்டக்டர் அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். எல்லாம் உள்ளே இருக்கும், வெளியே வராது. அதற்குள் போனை வைத்துவிடுவார்கள்.

"கட் பண்ணாதீங்க!" என்று மியூட்டு கத்தினாள்.

இஸ்திரி மேசையில் அடுக்கியிருந்த துணிகளே நடுங்கியதுபோல் இருந்தது.

"அண்ணா, அந்தப் பேசாத போன் இருக்குல்ல, அது கண்டக்டர் அம்மாண்ணா. அவங்க மேசையில ரெண்டு தட்டு தட்டறாங்க. நீங்க கேக்கறதுக்குள்ள வெச்சிடறீங்க."

 

"பாப்பா," என்றார் அறிவிப்பாளர், மெதுவாக, "அந்த நம்பர் இன்னொரு லைன்ல இப்பவும் அடிச்சிட்டுத்தான் இருக்கு. எடுக்கறேன். ரெண்டு பேரையும் சேர்த்து விடறேன். நீயே கேளு."

போனில் ஒரு 'க்ளிக்'. அப்புறம் ஓர் அமைதி. ஆள் இல்லாத அமைதியும் ஆள் இருக்கும் அமைதியும் வேறு வேறு. அது மியூட்டுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஆள் இருந்தது.

"கண்டக்டர் அம்மாவா? பஸ்ல மாதிரியே சொல்லுங்க. ஆமான்னா ரெண்டு தட்டு, ரைட். இல்லன்னா ஒரே தட்டு, ஸ்டாப்."

டொக் டொக்.

மாமா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"உங்களால பேச முடியலையா?"

டொக் டொக்.

"தொண்டையா?"

டொக் டொக்.

"ஆபரேஷனா?"

டொக் டொக்.

"பேசவே வராதா?"

டொக். ஒரே ஒரு தட்டு.

"அப்போ கொஞ்ச நாள் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களா?"

டொக் டொக், டொக் டொக் என்று அவசரமாக நான்கு வந்தன.

"அம்மா, மன்னிச்சிடுங்க" என்றார் அறிவிப்பாளர். "உங்கள எத்தனை தடவை நடுவழியில இறக்கி விட்டேன்!" பிறகு மியூட்டிடம் கேட்டார். "ஆனா பாப்பா, கடைசிப் பத்த அவங்க எப்படி நடத்துவாங்க?"

இதற்கு மியூட்டு யோசிக்கவே இல்லை.

"அவங்க ஜெபமாலையில ஒவ்வொரு மணிக்கும் தட்டட்டும். ஒரு தட்டுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. நாங்க எல்லாரும் சொல்றோம். பேசாம வர்றவங்கள நான் இறக்கி விட மாட்டேன்னு அவங்கதானே சொன்னாங்க? இப்ப நாமளும் இறக்கி விடக் கூடாது."

போனில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். அது அறிவிப்பாளரா, கண்டக்டர் அம்மாவா என்று தெரியவில்லை.

"அப்போ நீயே சொல்லு பாப்பா" என்றார் அறிவிப்பாளர்.

மியூட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் ஏறியாச்சா? படியில யாரும் நிக்காதீங்க. உள்ள போங்க, உள்ள போங்க. போலாம்..."

டொக் டொக்.

பஸ் கிளம்பியது.

முதல் தட்டு விழுந்தது. "அருள் நிறைந்த மரியே..." என்று மியூட்டு தொடங்கினாள். அம்மா சேர்ந்துகொண்டாள். மாமா அவசரத்தில் ஒரு வரியை முழுங்கிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டார். அடுத்த தட்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையிலிருந்தும் குரல் வந்தது. மாவு மில்லில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மாடி வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவில் தெருவே ஒரே குரலாகச் சொன்னது.

பத்தாவது முடிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

டொக்.

"ஸ்டாப்! ஊர் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க!" என்று மாமா கத்தினார். எதிர்க் கடையில் கைதட்டினார்கள்.

"அன்பு நேயர்களே," என்றார் அறிவிப்பாளர், "பதிவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கும் கடைசிப் பத்து கண்டக்டர் அம்மாவுக்குத்தான். சரிதானேம்மா?"

டொக் டொக்.

அம்மா இஸ்திரியின் சுவிட்சைப் போட்டாள். மியூட்டு கீழே விழுந்த சட்டையை எடுத்து உதறி, விட்ட இடத்திலிருந்து பட்டன்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

மாமா துணி மூட்டையோடு வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "ஊரே கேக்கற மாதிரி கத்திட்டு இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு. இனிமே உன்ன மியூட்டுன்னு எப்படிக் கூப்பிடறது? நான் கிளம்பலாமா, இல்ல இன்னும் ஏதாச்சும் பேசப் போறியா?"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். விரலை மடக்கி இஸ்திரி மேசையில் இரண்டு தட்டு தட்டினாள்.

மாமா கிளம்பினார்.