மூச்சுத்துளை

எல்லப்பன் தண்ணீர் குடிப்பதே இல்லை. அங்காளம்மாளுக்கு முதலில் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஊரே நாக்கு வறண்டு கிடக்கையில் இந்த ஆள் எங்கே போய்த் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு வருகிறான்? ஒல்லாந்தர் கோட்டைக் கிணற்றிலா, வேறு எவள் வீட்டுப் பானையிலா?

பழவேற்காட்டு ஏரி பின்வாங்கி உப்புப் பூத்துக் கிடந்தது. கரைவெளியில் மான்கள் விடியலில் ஈரம் ஒட்டிய காய்ந்த புல்லைத் தின்றே தாகம் தணித்துக்கொண்டன. தவளைகள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. ஊர்க்குளத்து விரால்களும் வெடித்த சேற்றுக்கடியில் மழைக்காகக் காத்திருந்தன. அவற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மூச்சுத்துளையைத் தேடித் தண்ணீர் ஊற்றினால், மழை வந்துவிட்டதென்று ஏமாந்து மீன் மேலே வரும். போன வாரம் எல்லப்பன் அதற்குத்தான் குளத்துக்குப் போனான். மறுநாள் வெறுங்கையோடு வந்தான். கடப்பாரையைக்கூட எடுத்து வரவில்லை. அன்றிலிருந்துதான் இப்படி.

"ஒரு வாய் குடியேன்யா."

"வாணாம். கொழந்தைக்கு வை."

நல்ல பேச்சுதான். ஆனால் அவனுக்கு வியர்ப்பதில்லை. கிட்டே போனால் சேற்று வாடை. தூளியில் கிடக்கும் மகளை இமைக்காமல் பார்த்தபடி, விரலால் தரையை நோண்டிக்கொண்டே இருந்தான்.

"இன்னாய்யா தோண்டறே?"

"உள்ள குளுகுளுன்னு இருக்குது."

அங்காளம்மாளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழக்கூட முடியாமல் கிடந்தது. ஒரு விரால் கிடைத்தால் பால் ஊறும். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் சொம்பில் ஊற்றிக்கொண்டாள்.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றான் அவன். மனசில்லாமல்தான் கிளம்பினாள்.

உச்சி வெயில். குளத்தின் நடுவே அவனுடைய கடப்பாரை நட்டபடி நின்றது. பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. இவ்வளவு பெரிய விராலா? சொம்பைக் கவிழ்த்தாள். மண் தண்ணீரை உறிஞ்சியது. சேறு அசைந்தது.

விரல்கள்.

செப்பு மோதிரம். கல்யாணத்தன்று அவள் நைனா மாப்பிள்ளைக்குப் போட்டது.

துளைக்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது.

"அங்காளு... கொழந்த யாராண்ட இருக்குது?"

ஓடினாள். முள்ளும் கல்லும் தெரியவில்லை. வீடு திறந்தே கிடந்தது. தூளி ஆடிக்கொண்டிருந்தது. காலி.

காலையில் அவள் மெழுகிய தரையில் இரண்டு துளைகள். ஒன்று பெரியது. ஒன்று அவள் கட்டைவிரல்கூட நுழையாதது.

நகம் பெயரத் தோண்டினாள். தரை கல்லாக இறுகியிருந்தது. குப்புறப் படுத்துச் சின்னத் துளையில் கன்னத்தை வைத்தாள். இளஞ்சூடாக, பால் வாடையோடு, மூச்சு வந்து பட்டது.

தண்ணீர். கொஞ்சம் ஊற்றினால் போதும், மேலே வந்துவிடும்.

கையோடு வந்திருந்த சொம்பைத் துளையின்மேல் கவிழ்த்துத் தட்டினாள். மறுபடி தட்டினாள். ஒரு சொட்டும் விழவில்லை.