பூமி உதிக்கும் வீடு

கண்ணாடிக் கூரை போட்ட செம்மண்பேட்டையில் அறை கேட்டுப் போகிறவர்கள் முதலில் கதவின் மேல் ஊத வேண்டும். செவ்வாய்க் கிரகத்தில் காற்று சும்மா கிடைப்பதில்லை. ஒருத்தி விட்ட மூச்சைச் சுத்தம் செய்துதான் அடுத்தவளுக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே வருகிறவளின் மூச்சைக் கதவே முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடும்.

பூங்கோதை ஊதினாள்.

"நோய் இல்லை. பூண்டு கொஞ்சம் தூக்கல்" என்றது கதவு, தெருவுக்கே கேட்கும்படி.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்படவும் நேரமில்லை. நிலாவில் பிறந்து வளர்ந்தவள், பனி உருக்கும் ஆலையில் கோடைப் பயிற்சிக்காக வந்திருந்தாள். செவ்வாயில் கோடை ஆறு மாதம் நீளும் என்பதை ஆலைக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் மெல்லச் சொன்னார்கள். அது போகட்டும். மாலைக்குள் ஏதாவது ஒரு விடுதியில் மூச்சுப் பங்கு கிடைக்காவிட்டால், வந்த கப்பலிலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். இரண்டு விடுதிகள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன.

இது மூன்றாவது, நிலாப் பிள்ளைகள் விடுதி. வாசலில் 'இங்கே எந்தப் பேதமும் பார்ப்பதில்லை' என்று பலகை மின்னியது. பொய்யில்லை. உள்ளே விடுதிப் பெண்கள் ரெஜினாவும் தில்ஷாத்தும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாதி என்றால் என்ன என்று கேட்டால் இருவரும் அகராதியைத்தான் தேடியிருப்பார்கள்.

"உக்காருங்க. எந்த ஊரு?" என்றாள் மூத்தவளான ரெஜினா.

"நிலா."

"அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நிலாவுல எந்தப் பக்கம்?"

வந்தது வினை. நிலாவில் முதலில் குடியேறியவர்கள் பூமி தெரியும் பக்கமாகப் பார்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தார். பின்னால் போனவர்களுக்கு, பூமியே தெரியாத மறுபக்கம்தான் மிச்சம். அவர்கள் முதுகார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் முகத்தார் முதுகாருக்குப் பெண் கொடுப்பதில்லை, பக்கத்துப் படுக்கையும் கொடுப்பதில்லை.

பூங்கோதை முதுகுக்காரி. முதல் இரண்டு விடுதிகளிலும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். காலிக் கட்டிலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே இடமில்லை என்றார்கள். உண்மை பேசி ஊர் திரும்ப அவளுக்கு மனமில்லை.

"முகத்துலதான்" என்றாள். "பூமி உதிக்கிறதப் பாத்துட்டேதான் எங்க வீட்ல காப்பி குடிப்போம்."

தில்ஷாத் ரெஜினாவைப் பார்த்தாள். பூங்கோதை தன் பெட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றாள் ரெஜினா, குரல் தழுதழுக்க. "மலைக்குப் பின்னாலேர்ந்து நீலமா எட்டிப் பாக்கும்."

"மறையறப்போ இன்னும் அழகு" என்றாள் தில்ஷாத்.

கட்டில் கிடைத்தது. சூடாக உப்புமாவும் கிடைத்தது. பூங்கோதை நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். பயம் போனதும் புத்தி வேலை செய்யத் தொடங்கியது.

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அந்த முகத்தில் இருப்பவர்களுக்குப் பூமி வானத்தில் ஒரே இடத்தில்தான் தொங்க வேண்டும், கூரையில் மாட்டிய மின்விசிறி மாதிரி. அது உதிக்காது, மறையவும் மறையாது. யோசித்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் சுற்றுலா விளம்பரங்களில் பூமி உதித்துக்கொண்டே இருக்கிறது, அதை நம்பித்தான் அவள் அளந்துவிட்டாள். சரி, அவள் அளந்தாள். அந்த இருவரும்?

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'அடிப்பாவிகளா, நீங்களுமா!' என்று இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினாள்.

அதற்குள் கதவு இன்னொருத்தியை முகர்ந்து உள்ளே அனுப்பியிருந்தது. அலமேலு என்று பெயர், அவளும் பயிற்சிக்கு வந்தவள். நிலாவில் முகம், அமைதிக்கடல் ஓரம் என்றாள்.

"அப்படியா? பூமி உங்க வீட்டுக்கு எந்தத் திசையில உதிக்கும்?" என்று கேட்டாள் ரெஜினா.

அலமேலு விழித்தாள். "பூமி எங்கக்கா உதிக்குது? தலைக்கு மேல அதே எடத்துலதானே நிக்கும்? தேயும், வளரும், அவ்வளவுதான்."

ரெஜினாவின் முகம் சுண்டிவிட்டது. "எடம் இல்லம்மா" என்றவள் பூங்கோதையின் காதருகே குனிந்தாள். "முதுகு. ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியல பாரு."

அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டியது. "நீங்களாவது சொல்லுங்கக்கா, பூமி உதிக்குமா?" என்று பூங்கோதையிடம் திரும்பினாள்.

ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு ரெஜினாவின் மானம் போகும், தில்ஷாத்தின் மானம் போகும், இப்போதுதான் விரித்த படுக்கையும் போகும்.

"உதிக்குமே" என்றாள் பூங்கோதை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அலமேலுவின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். குரலைத் தாழ்த்தி, "அடுத்த விடுதியில கேட்டா உதிக்கும்னே சொல்லிரு" என்றாள்.

"ஆனா உதிக்காதேக்கா!"

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காற்று வீணாகாமல் கதவை இறுகச் சாத்தினாள் பூங்கோதை.