காணாமற்போன உச்சரிப்புத் தட்டு

1955ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்திருந்த கப்பல் முகவர் அலுவலகத்தின் அலுமாரியில் இருந்த ஒரேயோர் இசைத்தட்டைக் காணவில்லை. மாலுமிகளின் அரிய ஆங்கிலச் சொற்களை உச்சரித்துக் காட்டும் அத்தட்டு, இலண்டனிலிருந்து முந்திய வாரமே வந்திருந்தது.

பத்து மணிக்குத் தொலைபேசி இயக்குநர் பதவிக்கான வாய்மொழித் தேர்வு. அதற்குத் தோற்றவிருந்த தட்டெழுத்தாளர் மரியமலர்மீது, அலுவலகத்தாருக்கு ஆங்கிலம் கற்பித்ததால் ‘மாஸ்டர்’ என்றழைக்கப்பட்ட தலைமை எழுதுநர் அல்பிரட் குற்றஞ்சாட்டினார். திருடி என்ற பெயர் நிலைத்தால், அவளுக்குத் தேர்வுமில்லை, இருக்கும் வேலையுமில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் சிவபாதம் விசாரணையைத் தொடங்கினார்.

“சனிக்கிழமை அலுமாரித் திறப்பு ஆரிட்டை இருந்தது, பிள்ளை?”

“என்னட்டைத்தான் ஐயா. தட்டைப் போட்டுக் கேட்டுப் படிச்சனான். பிறகு உள்ளுக்கு வைச்சுப் பூட்டி, திறப்பை மாஸ்டரிட்டைக் குடுத்தனான்.”

“பூட்டினதை ஆர் கண்டது?” என்றார் அல்பிரட். “இண்டைக்கு நான்தான் முதல் வந்தனான். அலுமாரி வெறுமை. கிராமபோனை ஒருத்தரும் தொடேல்லை.”

“அப்பிடி என்ன படிச்சனீர்?” என்று சிவபாதம் மரியமலரைக் கேட்டார்.

“மாலுமியளின்ரை மேலாளை ‘போட்ஸ்வெயின்’ எண்டு மாஸ்டர் சொல்லித் தந்தவர். தட்டிலை ‘போசன்’ எண்டு கேக்குது. கப்பலிலை அவையள் படுக்கிற முன்பக்கம் ‘ஃபோர்காசில்’ இல்லையாம், ‘ஃபோக்சல்’. திறப்பைக் குடுக்கேக்கை மாஸ்டரிட்டையும் சொன்னனான்.”

சிவபாதம் தலையைச் சொறிந்தார். “எழுதுறது ஒண்டு, சொல்லுறது வேறையொண்டு. வெள்ளைக்காரன் தன்ரை எழுத்தைத் தானே நம்பேல்லையோ?”

அழுகைக்கிடையிலும் மரியமலர் சிரித்துவிட்டாள். அல்பிரட் சிரிக்கவில்லை.

கிராமபோனின் மூடியைச் சிவபாதம் திறந்தார். அதில் பொருத்தியிருந்த ஊசி பளபளத்தது. அருகிலிருந்த கிண்ணத்தில், கழித்த ஊசிகள் உப்புக்காற்றில் சிவந்து கிடந்தன. வாசகப் பெருமக்கள் தயைகூர்ந்து இவ்விரண்டையும் நோக்குவார்களாக.

“சனிக்கிழமை போட்ட ஊசியைக் கழட்டினனீரோ?”

“இல்லை ஐயா, மறந்திட்டன்.”

“கழட்டாமல் விட்டால்?”

“இந்தக் காத்துக்கு ஒரு நாளிலையே துருப்பிடிச்சிடும்.”

சிவபாதம் அல்பிரட்டின் பக்கம் திரும்பினார்.

“மாஸ்டர், இது சனிக்கிழமை ஊசியில்லை. இண்டைக்குக் காலமை மாத்தினது. தட்டில்லாமல் ஆரும் ஊசி மாத்துவினமோ? அப்ப, காலமை தட்டு இஞ்சைதான் இருந்தது. இஞ்சை இருந்த ஆள் நீங்கள் மட்டும்தான்.”

அல்பிரட் கதிரையில் அமர்ந்தார்.

“திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டனான். ஒரு சொல்லாவது நான் சொன்ன மாதிரி வருமெண்டு பாத்தன். வரேல்லை. எத்தினை பேருக்குப் படிப்பிச்சிட்டன்! தட்டைக் கடலுக்கை எறிஞ்சிட்டன்.”

“பழியை இந்தப் பிள்ளையின்ரை தலையிலை எறிஞ்சியளே! தேர்வு முடியட்டும். பிறகு ஸ்டேசனுக்கு வாங்கோ.”

பத்து மணிக்கு மனேஜர், தாளில் எழுதியிருந்த முதற் சொல்லைக் காட்டினார். மரியமலர் சற்றுத் தயங்கி, “போசன்” என்றாள். மனேஜர் குழம்பிப்போய் அல்பிரட்டைப் பார்த்தார்.

“சரிதான் சேர்,” என்றார் அல்பிரட். “என்னட்டைப் படிச்சவ எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ.”