துள்ளூர்ப் படிக்கட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் தரையில் பாவாத ஓர் ஊரின் கதை வைத்திருக்கிறேன். சிரித்துப் புரையேறாமல் கேட்டால் போதும்.

சீரிஸ் என்ற குறுங்கோளில், கண்ணாடிக் குடைக்குள் இருக்கிறது துள்ளூர். பால் வாங்கப் போகிறவர்கள் தூக்குவாளியோடு ஓர் உந்து உந்தி, நாற்பதடி உயரத்துக் கடைவாசலில் போய் நிற்பார்கள். அங்கே ஈர்ப்பு அவ்வளவு குறைவு. பூமியில் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்தான் முதலில் குடியேறி அந்த ஊரைக் கட்டினார்கள். கையால் உந்தினாலே பறக்கலாம் என்றால் காலுக்கு என்ன வேலை? வாசல்களையெல்லாம் உயரத்திலேயே வைத்தார்கள். துள்ளும்போது தலை சுற்றாதிருக்க எல்லோர் காதுக்குள்ளும் ஒரு சமநிலைச் சில்லு.

இசக்கியம்மாளின் காது மட்டும் அந்தச் சில்லை ஏற்கவில்லை. இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டால் போதும், கண்ணாடிக் குடை கிறுகிறுவென்று சுற்றும். அவளுக்கோ மேல் சந்தையில் தோசைக்கடை ஒதுக்கியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"எனக்கு ஒரு படிக்கட்டு வேணும் தாயி!" என்று கீழே நின்று கத்தினாள்.

மன்றத் தலைவி தங்கபுஷ்பம் தலைகீழாக மிதந்து இறங்கினாள். பிறவியிலேயே கால் இல்லாதவள். ஊரிலேயே வேகமாகத் துள்ளுகிறவளும் அவள்தான். "அதுக்கென்ன இசக்கி! பொதுநிதி பின்னே எதுக்கு இருக்கு? அமர்க்களமா கட்டிருவோம்!"

கட்டினார்கள். மேளம், மாலை, கல்வெட்டு எல்லாம் உண்டு. திரை விலகியதும் இசக்கியம்மாள் முதற்படியை ஒட்டிப் போய் நின்று பார்த்தாள். ஒவ்வொரு படியும் அவள் இடுப்பு உயரம்.

"இதுல துள்ளாம எப்படித் தாயி ஏற?"

"பெருசா இருந்தாத்தானே உனக்கு மரியாதை?" என்றாள் தங்கபுஷ்பம், நிஜமான பிரியத்தோடு. துள்ளூரில் படி ஏறிப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஏற வேண்டியவளைக் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கடை திறக்கக் கடைசிக் கெடு. முதற்படியில் கையூன்றி அழுத இசக்கியம்மாள், அழுகைக்கு நடுவே கவனித்தாள்: அடுப்பு வைக்க எவ்வளவு வாகான மேடை!

விடிந்ததும் கல் காய்ந்தது. அவள் திருப்பிப் போட்ட தோசை பத்தடி எழும்பி, சற்று யோசித்து, சாவகாசமாக இறங்கியது. ஊரே படிகளில் வரிசையாக உட்கார்ந்து தட்டை நீட்டியது. "எனக்கு! ஏய், அது எனக்கு!" தங்கபுஷ்பம் மூன்றை அந்தரத்திலேயே பிடித்தாள். மேல் சந்தை ஈயோட்டியது.

ஆறு மாதம் கழித்து, தங்கபுஷ்பம் ஒரு புதியவரோடு வந்தாள். சூசைமாணிக்கம் வாத்தியார். பள்ளிக்கூடம் மேலே; அவர் காதும் சில்லை ஏற்கவில்லை.

"அளவு தப்புன்னு ஒத்துக்கிடுதோம் இசக்கி. புது நிதி வந்திருக்கு. இந்தத் தடவை சார்கிட்டயே கேட்டு, சின்னச் சின்னப் படியா செதுக்கப் போறோம். அடுப்பை மட்டும் கொஞ்சம் தள்ளிக்கோ."

இசக்கியம்மாள் நிரம்பி வழியும் படிகளைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"ஒத்த ஆளுக்காகவா தாயி இத்தனை பேரை எழுப்பச் சொல்லுதீய?"

மேலிருந்தவர்கள் வாய் நிறையத் தோசையோடு ஆமாம் போட்டார்கள்.

வாத்தியார் கீழேயே நின்றார். இசக்கியம்மாளுக்கு இளகிய மனசு. சட்னியைக் கூடுதலாக ஊற்றி, ஒரு தோசையை இனாமாக அவர் கையில் வைத்தாள்.

"பாவம், மனுசனுக்கு நடக்க மட்டும்தான் வரும்போல!"

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், செல்வங்களே. வாசலும் யாருக்கும் அடைபடாதிருக்கட்டும்.