வெலெஸுக்கு வைத்த பால்

செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவன்று பிற்பகல், கிளென் வேவர்லியில் மகள் தாரகா வாடகைக்கு இருந்த பழைய வீட்டை விஜிதரன் திறந்தபோது உள்ளே ஈர மண் மணத்தது. மழையில் கார் சறுக்கி அவள் போய் எட்டு நாள். அவள் கடைசியாகப் படுத்தெழும்பிய அறையிலேதான் படையல் என்று மனைவி சஜிதா ஒற்றைக்காலில் நின்றாள்.

சோறும் மீன்குழம்பும் தாரகாவுக்குப் பிடித்த சொக்லேட்டும் வைத்தார்கள். போன உயிர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பது வழக்கம். சஜிதா குசினிக்குப் போய்விட்டாள். விஜிதரனுக்குக் கால் வரவில்லை.

மேசையில் தாரகா முடிக்காமல் விட்ட ஆய்வேடு கிடந்தது. நோர்ஸ் புராணத்து வஞ்சகத் தெய்வம் லோகியையும் ஸ்லாவியரின் தெய்வம் வெலெஸையும் ஒப்பிட்டிருந்தாள். வெலெஸ் பாம்பாக வருபவன், இறந்தவர்களைப் பாதாளப் புல்வெளியில் மேய்ப்பவன், காணிக்கைக்கு இரங்குபவன். அந்த வரி அவருக்குப் போதுமாக இருந்தது. பாம்பென்றால் நாகதம்பிரான்தானே? புளியம்பொக்கணைக் கோயிலில் அந்தப் பாம்புத் தெய்வத்துக்குப் பொங்கி வளர்ந்த மனுஷன் வேறெப்படி நினைப்பார்? படையலுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் பாலும் முட்டையும் வைத்தார்.

"பிள்ளையை ஒருக்கா அனுப்பிவிடும்," என்று கும்பிட்டார்.

ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்று மிச்சத்தை வாசித்தார். உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு லோகி பெற்ற பிள்ளை. எல்லோரும் அழுதால் இறந்த தேவன் பால்டர் திரும்பலாம் என்றிருந்தபோது, லோகி கிழவி வேடத்தில் வந்து அழ மறுத்தான். பால்டர் வரவேயில்லை. ஓரத்தில் தாரகா பென்சிலால் எழுதியிருந்தாள்: இருவரும் உருமாறுவார்கள், வந்தது யாரென்று சொல்ல முடியாது.

உள்ளே கிண்ணம் உருண்டது.

பலகைத் தரையில் பாரமாக ஏதோ இழுபட்டது.

"அப்பா." தாரகாவின் குரலேதான். "கதவைத் திறவுங்கோ. குளிருது."

"ஆரது?"

"நான்தானப்பா. உங்களோட வீட்டை வாறன். இனி ஒரு இடமும் போகமாட்டன்."

தாரகா அவருக்கு ஒருநாளும் தமிழில் பதில் சொன்னதில்லை. என்ன கேட்டாலும் ஆங்கிலம்தான். கடைசியாகப் பேசிய அன்றும் அதற்காகவே ஏசிவிட்டு போனை வைத்தார். அந்தக் குரலில் நாலு வார்த்தை தமிழ் கேட்க இருபத்திரண்டு வருஷம் ஏங்கியவர் அவர்.

உள்ளே இருப்பது தன் பிள்ளை இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

அழுகை அடக்க முடியாமல் வந்தது. சஜிதா ஓடிவந்தாள்.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்டுமில்லை. நீர் காரில போய் இரும். வாறன்."

அவள் போனதும் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். திறக்கவும் மனமில்லை, எழும்பவும் மனமில்லை.

"இன்னும் கொஞ்சம் கதையம்மா," என்றார்.

கதவு சாத்தியபடியே இருந்தது.

அவருடைய மடியில் ஈரமான பாரம் ஒன்று மெல்லச் சுருண்டு படுத்தது.

"கதைக்கிறனப்பா," என்றது.

விஜிதரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.