நின்றால் மறந்துபோகும் பாடம்

ஓஸ்னெல் வகுப்பின் முன்னால் நின்றான். கைகளைக் கட்டி, குதிகால்களைச் சேர்த்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றான். பாடம் ஒப்பிக்கும்போது அப்படித்தான் நிற்க வேண்டும்.

"ஆரம்பி," என்றார் மெத் அல்சிதோர். எங்கள் ஜெரெமி ஊரில் வாத்தியாரை 'மெத்' என்றுதான் கூப்பிடுவோம்.

"நன்றாக உண்ணும் மாணவன் நன்றாகக் கற்கிறான்," என்றான் ஓஸ்னெல்.

அடுத்த வரி வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். நெற்றியில் வியர்வை மட்டும் வந்தது.

"அவன் பாடத்தையே தின்னுட்டான் மெத்," என்றான் இரண்டாவது வரிசை விஸ்லி. "நல்ல பசி போல."

வகுப்பு சிரித்தது. ஆனால் கொஞ்சமாகத்தான். எல்லாருக்கும் பசி. மழை பாலத்தை அடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அரிசி லாரி வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அடுப்பு எரியவில்லை. மத்தியானச் சோறு இல்லை. பாடம் மட்டும் வழக்கம்போல நடந்தது. பாடத்தின் பெயர் 'நல்ல உணவு'.

மெத் மேசையிலிருந்த தோல் வாரை எடுத்தார். ஓஸ்னெல் கையை நீட்டினான். இரண்டு அடி.

"வெள்ளிக்கிழமைதான் கடைசி," என்றார் மெத் எல்லாரையும் பார்த்து. "அன்னைக்கு இந்தப் பக்கத்தை முழுசாச் சொல்லாதவன் பேரு அரசாங்கப் பரீட்சைக்குப் போகாது. பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுக்கறதுக்கு நான் யாரையும் அனுப்பறதா இல்ல."

ஓஸ்னெல் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவள் கெர்லின். இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. புத்தகமும் ஒன்றுதான்.

"நீ படிக்கவே இல்லையா?" என்று கிசுகிசுத்தாள்.

"படிச்சேன்."

"பொய்."

"சத்தியமாப் படிச்சேன்டி."

போன வருஷம் ஓஸ்னெலின் அண்ணன் பெயரும் இப்படித்தான் போகவில்லை. இப்போது அவன் மலையில் மாமாவோடு மரம் வெட்டிக் கரி சுடுகிறான். ஒருமுறை ஊருக்கு வந்திருந்தான். இரவெல்லாம் இருமினான். "உன் பேரு வரலைன்னா நீயும் அங்கதான்," என்று அம்மா ஓஸ்னெலிடம் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் விடியும்போது கெர்லின் ஊர்த் திடலுக்குப் போனாள்.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்து யாரும் படிப்பதில்லை. வீட்டில் இடம் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. எல்லாரும் திடலுக்கு வருவார்கள். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தடியில் முன்னும் பின்னும் நடப்பார்கள். நடந்துகொண்டே உரக்கச் சொல்வார்கள். பாடம் பிரெஞ்சில் இருக்கும். வீட்டில் பேசுவது கிரெயோல். அதனால் பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. நடந்து நடந்து, சொல்லிச் சொல்லி, அப்படியே தலையில் ஏற்றிக்கொள்வார்கள்.

ஓஸ்னெல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தான். கெர்லின் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"நண்பகலில் அவன் இறைச்சியும் காய்கறியும் உண்கிறான். மாலையில் ஒரு பேரிக்காய் உண்கிறான்."

ஒரு சொல் பிசகவில்லை. கெர்லினுக்கே அந்தப் பேரிக்காய் வரி அடிக்கடி நழுவும்.

அப்போது அவன் செருப்பு வார் அறுந்தது. குனிந்தான், நின்றான். பாடமும் நின்றது.

"அளவுக்கு... அளவுக்கு..." என்று முனகினான். வாரைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி நடந்தான். "அளவுக்கு மிஞ்சி உண்பது உடலுக்குக் கேடு," என்று தானாக வந்தது.

கெர்லின் வெளியே வந்தாள்.

"டேய், நில்லு. இப்பச் சொல்லு."

நின்றான். வரவில்லை.

"நட."

நடந்தான். வந்தது.

"நில்லு."

போய்விட்டது.

"நட. நில்லு. நட."

"நான் என்ன கழுதையா?" என்றான் ஓஸ்னெல்.

"கழுதை நின்னாலும் கத்தும். உனக்கு அதுவும் வரல."

இரண்டு பேரும் திடலின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மரத்திலிருந்து விழுந்த மாங்காய் ஒன்று கிடைத்தது. பாதியைப் பறவை கொத்தித் தின்றிருந்தது. மீதியைக் கெர்லின் கடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"காலைல என்ன சாப்ட்ட?"

"காப்பி."

"ரொட்டி?"

"இல்ல. வயிறு நெறஞ்சா தலை தூங்கிடும்னு அம்மா சொல்றா. பரீட்சை முடியற வரைக்கும் வெறும் காப்பிதான்."

"எங்க வீட்ல அப்படியெல்லாம் சொல்லல," என்றாள் கெர்லின். "ரொட்டி இல்லைன்னு நேராச் சொல்லிட்டாங்க."

ஓஸ்னெல் மாங்கொட்டையைச் சப்பினான். "நிக்கும்போது தலை சுத்துது. சுவர் ஆடுது. நடந்தா ஒண்ணும் ஆடல. ஏன்னு தெரியல."

"செருப்புல கால்விரலை மெதுவா ஆட்டிக்கிட்டே சொல்லிப் பாரேன். மெத்துக்குத் தெரியாது."

எழுந்து நின்று பார்த்தான். விரலை ஆட்டினான். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில் முழங்கால் மடங்கி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"சரி, இது வேண்டாம்," என்றாள் கெர்லின்.

வியாழக்கிழமை கெர்லின் நேராகவே கேட்டாள்.

"மெத், ஓஸ்னெல் நடந்துகிட்டே சொல்லலாமா? நடந்தா அவனுக்கு முழுசா வருது."

மெத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நடக்கணும்னா அவன் சந்தையில மூட்டை தூக்கட்டும். இது வகுப்பு. நான் படிச்சப்பவும் நின்னுதான் சொன்னேன். உங்க அப்பனும் நின்னுதான் சொன்னான். நீ யாருடி புதுச் சட்டம் போட?"

"நான் கேக்கத்தான் செஞ்சேன், மெத்."

"கையை நீட்டு."

இரண்டு அடி. வலது கைக்கு.

இடைவேளையில் கெர்லின் தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கே குடிதண்ணீர் வாளி இருந்தது. உள்ளங்கையைத் தண்ணீரில் முக்கக் கூடாது. முக்கினால் மறுபடி அடி விழும். வாளியின் வெளிப்பக்கத்தில் கையை ஒட்டி வைத்துக்கொண்டாள். தகரம் குளிர்ச்சியாக இருந்தது.

கண்ணை மூடியிருந்தவள் திறந்தாள்.

தினமும் காலையில் ஒரு பிள்ளை இந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போக வேண்டும். பெஞ்சு பெஞ்சாகப் போய் எல்லாருக்கும் ஒரே குவளையில் ஊற்றித் தர வேண்டும். தகரக் கூரை. தண்ணீர் கொடுக்காவிட்டால் யாராவது மயங்கி விழுவார்கள். அதனால் அந்தப் பிள்ளை நடந்துகொண்டே இருக்கும்போது மெத் பாடத்தை நிறுத்த மாட்டார். வெள்ளிக்கிழமை வாளி முறை கெர்லினுடையது.

ஓஸ்னெலைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வேண்டாம்டி. உனக்கும் வார் விழும்."

"ஏற்கெனவே விழுந்த கைதான். புதுசா என்ன?"

"உன் பேரையும் அடிச்சிட்டார்னா?"

அதைப் பற்றிக் கெர்லினும் யோசித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை. மெத் மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். பக்கத்தில் வாரை வைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சொன்னவர்களின் பெயர் தாளில் ஏறியது. சொல்லாத இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அதில் ஒருத்தி அழுதாள். வகுப்பில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கெர்லின் வாளியை ஓஸ்னெல் கையில் கொடுத்தாள். அவன் முதல் வரிசைக்கு ஊற்றினான். இரண்டாவது வரிசைக்கு ஊற்றினான்.

"ஓஸ்னெல்," என்றார் மெத். "வாளியைக் கீழ வெச்சிட்டு முன்னால வா."

கெர்லின் எழுந்தாள்.

"மெத், மூணாவது வரிசையும் நாலாவது வரிசையும் இன்னும் குடிக்கல. அவன் ஊத்திக்கிட்டே சொல்லட்டும்."

மெத் அவளையே பார்த்தார். "நேத்து வாங்கினது பத்தலையா?"

"நேத்து நடக்கறதுக்குக் கேட்டேன். இன்னைக்குத் தண்ணிக்குக் கேக்கறேன்."

மெத்தின் கை வார் பக்கம் போனது, நின்றது. கூரையிலிருந்து வெக்கை இறங்கியது. அவர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது.

"சரி," என்றார். "ஒரு வரி விட்டாலும் ரெண்டு பேரு பேரும் போகாது. அவனுது, உன்னுது. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் கெர்லின்.

"என்னை யாரும் கேக்கல," என்று ஓஸ்னெல் மெதுவாகச் சொன்னான்.

"ஆரம்பி."

ஓஸ்னெல் குவளையில் தண்ணீர் மொண்டான். கொஞ்சம் சிந்தியது. ஓர் அடி வைத்தான்.

"நன்றாக உண்ணும் மாணவன் நன்றாகக் கற்கிறான்."

மூன்றாவது வரிசையின் முதல் பெண் குவளையை வாங்கிக் குடித்தாள். அவன் அடுத்த அடி வைத்தான்.

"காலையில் அவன் பால் அருந்துகிறான்." தண்ணீர் ஊற்றினான். "முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் உண்கிறான்." தண்ணீர் ஊற்றினான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குடித்தார்கள். இறைச்சி என்றபோது ஒருவன் குடித்தான். காய்கறி என்றபோது அவன் தங்கை குடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. மெத் புத்தகத்தைப் பார்க்கவில்லை. குவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலையில் ஒரு பேரிக்காய் உண்கிறான். அளவுக்கு மிஞ்சி உண்பது உடலுக்குக் கேடு."

நாலாவது வரிசையின் கடைசிப் பையன் குடித்து முடித்தான். அதற்கப்புறம் ஆள் இல்லை. எதிரே சுவர். ஓஸ்னெல் நின்றுவிட்டான்.

ஒரே ஒரு வரி பாக்கி.

கெர்லினுக்கு அந்த வரி தெரியும். சொல்ல முடியாது. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஓஸ்னெல் சுவரைப் பார்த்தான். வாளியில் தண்ணீர் ஆடுவது நின்றது.

"டேய், தண்ணிக்காரா."

விஸ்லி. அவன் வகுப்பின் மறு கோடியில், இரண்டாவது வரிசையின் மூலையில் உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினான்.

"எனக்குப் பாதிக் குவளைதான் ஊத்தின. ஏமாத்தாதே. இன்னும் ஒரு வாய் குடு."

ஓஸ்னெல் திரும்பினான். வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். செருப்புக் கம்பி தரையில் கிறீச்சிட்டது. பாதி தூரம் போவதற்குள் வரி வந்துவிட்டது.

"உண்டபின் சிறிது நேரம் ஓய்வு கொள்கிறான்."

விஸ்லிக்குக் குவளையை நிரப்பிக் கொடுத்தான். வாளியில் இருந்த கடைசித் தண்ணீர் அது.

மெத் பேனாவை எடுத்தார். தாளில் எழுதினார். "ஓஸ்னெல்," என்று சொன்னபடியே எழுதினார், எல்லாரும் கேட்கும்படி. பிறகு கெர்லினைக் கூப்பிட்டார். அவள் முன்னால் போய்க் கைகளைக் கட்டி நின்று, பேரிக்காய் வரியை நழுவவிடாமல் முழுப் பக்கத்தையும் சொன்னாள். அவள் பெயரும் ஏறியது.

"விஸ்லி."

விஸ்லி முன்னால் வந்தான். குதிகால்களைச் சேர்த்தான். முதல் வரி சொன்னான். இரண்டாவது வரியில் பால் வந்தது, முட்டை வரவில்லை. சுவரைப் பார்த்தான். மெத்தைப் பார்த்தான்.

"மெத்," என்றான் கடைசியில், சன்னமாக. "வாளி..."

மெத் வாளியை எட்டிப் பார்த்தார்.

"காலி," என்றார். பிறகு வாளியை எடுத்து நீட்டினார். "ஓஸ்னெல், போய்க் குழாய்ல நிரப்பிட்டு வா. நிறைய. வெளியே போன ரெண்டு பேரும் இன்னும் வாசல்லதான் நிக்கறாங்களான்னு பாரு. நின்னா அவங்களையும் கூட்டிக்கிட்டு வா."

ஓஸ்னெல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மெத் வாரை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார்.